பழைய கார் பார்க்க எந்த ஊருக்குப் போவது? கோவை முதல் உதய்பூர் வரை ஓர் ஒப்பீடு

போன மாதம் இரண்டு பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் திருப்பூர்க்காரர். எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய கார் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறார், எது நல்லது என்று தெரியவில்லை. இன்னொருவர் மதுரை. நாற்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்ந்த அப்பாவை ஒரு தடவையாவது ரோல்ஸ் ராய்ஸ் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அகமதாபாத்தா, உதய்பூரா என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இந்தியாவில் இருக்கும் கார் அருங்காட்சியகங்கள் பெயரளவில்தான் ஒரே வகை. உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைக் காட்டுகிறது. அதனால் எந்த ஊர் என்பதற்கு முன்னால், எதை வைத்து எடை போடுவது என்பதைப் பேசிவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கார்களின் எண்ணிக்கையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒரு காரைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியே டாஷ்போர்டைப் பார்த்து, குனிந்து அச்சையும் ஸ்பிரிங் பட்டையையும் பார்க்கப் பத்து நிமிஷமாவது வேண்டும். இருபது காருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நூறு கார் இருக்கும் இடத்தில் எண்பதை நடந்துகொண்டேதான் பார்ப்பீர்கள்.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, அங்கே இருக்கும் கார்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன? "இது எப்படி ஓடியது?" என்பது ஒரு கேள்வி. "இது யாருடையது?" என்பது இன்னொன்று. "இதை யார் கட்டினார்கள்?" என்பது மூன்றாவது. உங்களோடு வருகிறவர் மனதில் எந்தக் கேள்வி இருக்கிறதோ, அதற்குப் பதில் சொல்லும் இடம்தான் அவருக்கு நல்ல இடம்.

இரண்டாவது, காருக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும், யாராவது விளக்கிச் சொல்வார்களா. மூன்றாவது, கூட வருகிறவரின் வயதும் காலும். நான்காவது, செலவு. நுழைவுச்சீட்டு இதில் மிகச் சின்னப் பங்கு. போய்ச் சேருவதும், திரும்பி வர வண்டி கிடைப்பதும், அங்கே ஒரு இரவு தங்குவதும்தான் பணத்தைச் சாப்பிடும்.

ஒரு சின்னத் தெளிவு. கார் ஆர்வலர்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றை விண்டேஜ் என்பார்கள், அதற்குப் பிந்திய பழசைக் கிளாசிக் என்பார்கள். நம் அரசின் கணக்கு வேறு. 2021-இல் வந்த விதிப்படி, பெரிதாக மாற்றப்படாமல் பழைய வடிவத்திலேயே இருக்கும், ஐம்பது வயது தாண்டிய வண்டி விண்டேஜ். ஆக, உங்கள் பெரியப்பா வைத்திருந்த 1970 அம்பாசடர் இன்னும் அப்படியே நின்றால் அதுவும் அந்தப் பட்டியலில் வரும்.

## கோவை: ஜிடி கார் மியூசியம்

இது "எப்படி ஓடியது?" என்று கேட்கிறவர்களுக்கான இடம். அவிநாசி சாலையில், ஜி.டி. நாயுடு அறக்கட்டளை வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மகன் ஜி.டி. கோபாலின் முயற்சியில் 2015-இல் திறக்கப்பட்டது.

ஜி.டி. நாயுடுவின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இந்த இடம் இன்னும் நன்றாகப் பிடிபடும். இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருக்கிறார். அதை வாங்கியே தீர வேண்டும் என்று கோவைக்கு வந்து, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை, பிரித்துப் போட்டார். பிரித்து, பார்த்து, திரும்ப மாட்டித்தான் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர் அவர்தான்.

அந்தப் பிரித்துப் பார்க்கும் புத்தி இந்த மியூசியத்திலும் தெரிகிறது. கார்களைப் பகட்டுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கார் தொழில்நுட்பத்தில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கரக் காரின் நகல் இருக்கிறது. "ஒரிஜினல் இல்லையா?" என்று சிலர் முகம் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் கணக்கில் சிறுபிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. காரணம், அந்த வண்டியில் எதுவும் மூடி மறைக்கப்படவில்லை. பின்னால் ஒற்றை சிலிண்டர். அதன் கீழே படுக்கை வசமாகச் சுற்றும் பெரிய சக்கரம். அங்கிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து செயின், செயினிலிருந்து பின்சக்கரம். ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. இன்றைக்கு பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. இங்கே கண்ணாலேயே விசையைப் பின்தொடர்ந்து சக்கரம் வரை போகலாம். 1888-இல் பென்ஸின் மனைவி பெர்த்தா இதே வகை வண்டியில் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில்தான் வாங்கினார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். இந்தக் கதையை வண்டி முன்னால் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் முன்னால் நின்றால் ரேடியேட்டர் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடையாது. இன்ஜின் பின்னால், குளிர்விப்பது காற்று. எந்த ஊரில் மினி என்ற சின்ன பிரிட்டிஷ் காரைப் பார்த்தாலும், இன்ஜின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இதே மாதிரி தேடச் சொல்லலாம். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, சின்னக் கார் தேவைப்பட்டபோது அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். 1959-இல் மினி வந்தது. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் அநேகமாக அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

குறை என்று பார்த்தால், ராஜா வீட்டு மினுமினுப்பைத் தேடி வருகிறவருக்கு இங்கே நிறைவு இருக்காது. திங்கட்கிழமை விடுமுறை. அதே வளாகத்தில் அறிவியல், தொழில்துறைப் பொருட்களுக்கான இன்னொரு அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டையும் அரை நாளில் முடிக்கலாம் என்று வந்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

## அகமதாபாத்: ஆட்டோ வேர்ல்ட்

நகரத்துக்கு வெளியே, கத்வாடா பக்கம், தாஸ்தான் எஸ்டேட்டில் இருக்கிறது. பிரான்லால் போகிலால் என்ற தொழிலதிபர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. அவர் 2011-இல் காலமானார். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, டைம்லர், லகோண்டா, மேபாக், ஹிஸ்பானோ சுய்சா, பேக்கார்டு, காடிலாக் என்று பெயர்ப்பட்டியலே மூச்சு வாங்க வைக்கும்.

இந்த இடத்தின் கேள்வி "யார் கட்டினார்கள்?" என்பது. அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், இன்ஜின், ரேடியேட்டர் அவ்வளவுதான். வாங்குகிறவர் அதை ஹூப்பர், பார்க்கர் மாதிரி பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்பித் தன் விருப்பப்படி உடம்பு கட்டிக்கொள்வார். நமக்கு இது புதுசே இல்லை. லேலண்ட் சேஸிஸ் கரூருக்குப் போய் பஸ்ஸாகி வருவதைப் பார்த்தவர்கள்தானே நாம்! ஒரே மாடல் சேஸிஸ் மேல் ஒருவர் வேட்டைக்குத் திறந்த வண்டி கட்டியிருப்பார், இன்னொருவர் ராணி வெளியே தெரியாமல் போகத் திரைச்சீலை போட்டிருப்பார். அதனால் அப்படி உடம்பு கட்டிய கார் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒற்றைப் பிரதி. அரிய கார் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இங்கேதான் கிடைக்கிறது.

இத்தனை கார்கள் இந்தியாவில் எப்படி வந்தன என்று கேட்டால், சமஸ்தானங்கள்தான் காரணம். 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு பல அரண்மனைகளால் அவற்றைப் பராமரிக்க முடியவில்லை. கொட்டகைகளில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகளைத் தேடிப் போய் வாங்கிய சிலரால்தான் இவை இன்று மிஞ்சியிருக்கின்றன. எனக்கு அந்தச் சேகரிப்பாளர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

இங்கே சில பழைய கார்களில் தனிக் கட்டணம் கொடுத்து ஏறிப் போகலாம். வயதானவர்களோடு போனால் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து போவதில் தெரிகிற அதிர்வும் சத்தமும் மூன்று மணி நேரம் பார்ப்பதில் கிடைக்காது.

மறைவான செலவுகளும் இருக்கின்றன. போகும்போது ஆட்டோ கிடைக்கும், திரும்பும்போது அவ்வளவு எளிதில் கிடைக்காது. காத்திருக்கச் சொல்லிப் பேசி வைத்துவிடுங்கள். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். கார்கள் கொட்டகைகளில் நிற்கின்றன, ஏசி அறையில் அல்ல. ஏப்ரல், மே மாத அகமதாபாத் வெயிலில் அங்கே நிற்க முடியாது. கோவையைப் போல ஒவ்வொரு காரையும் எடுத்துச் சொல்லும் ஏற்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். நாமே கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான் உண்டு.

## உதய்பூர்: மேவார் அரசரின் கராஜ்

அகமதாபாத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்னது, இருபது சொச்சம் வண்டிகள். ஆனால் கார்களுக்காக அருங்காட்சியகம் கட்டவில்லை, கார்கள் நின்ற இடமே அருங்காட்சியகமாகிவிட்டது. பழைய மேவார் சமஸ்தானத்தின் மோட்டார் கராஜ் அது. 2000-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முற்றத்தைச் சுற்றி அரை வட்டமாகக் கதவு வைத்த அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார். மகாராணாக்களின் காலத்துப் பெட்ரோல் பம்ப்கூட இன்னும் நிற்கிறது.

கேள்வி இங்கே "யாருடையது?" என்பது. 1934 ரோல்ஸ் ராய்ஸ் பேண்டம் 2 இருக்கிறது. 7.7 லிட்டர், ஆறு சிலிண்டர். 1983-இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஓடிய வண்டி. காடிலாக்குகள், எம்ஜி, பழைய ஃபோர்டு எல்லாம் ஒரே குடும்பம் ஓட்டியவை. அரண்மனையிலிருந்து பக்கம்தான், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சேர்ந்தாற்போல் இருக்கும் கார்டன் ஓட்டலில் சைவத் தாலி சாப்பாடும் கிடைக்கும்.

கார் மட்டும் பார்க்க உதய்பூருக்குப் போகாதீர்கள் என்பேன். அவ்வளவு தூரம் போய் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு ஏரியும் அரண்மனையும், இன்னொருவருக்குக் கார் என்றால் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

## தாவுரு, ஸ்ரீரங்கப்பட்டணம், ஹைதராபாத்

டெல்லிக்குத் தெற்கே, ஹரியானாவில் தாவுரு என்ற ஊரில் ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம் இருக்கிறது. தருண் தக்ரால் 2013 டிசம்பரில் தொடங்கியது, நான்கு தளங்கள். பல்லக்கு, மாட்டு வண்டி, குதிரை வண்டி, ரயில் சலூன், சின்ன விமானம் வரை உண்டு. கார் வருவதற்கு முன் மனிதர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இந்தியாவிலேயே நல்ல பதில் இங்கேதான். கார் பைத்தியம் இல்லாதவர்களுக்கும் அலுக்காது. மெட்ரோ கிடையாது, டெல்லியிலிருந்து நாள் முழுக்க டாக்ஸி பிடிக்க வேண்டும். இதற்கும் திங்கட்கிழமை விடுமுறை.

ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம், பெங்களூர்–மைசூர் சாலையில் இருக்கும் பயணா அருங்காட்சியகம், தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டேவின் சேகரிப்பு. மைசூருக்குப் போகிற குடும்பம் வழியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கோவையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திம்பம் மலைப்பாதையில் இரவில் வாகனத் தடை உண்டு. ஊட்டி வழியாகப் போனால் பந்திப்பூரிலும் அப்படியே. "சாயங்காலம் கிளம்பலாம்" என்று திட்டம் போட்டால் செக்போஸ்ட்டில்தான் ராத்திரி கழியும்.

ஹைதராபாத்தின் சுதா கார்ஸ் மியூசியத்தில் ஷூ, கத்தரிக்காய், கிரிக்கெட் பந்து வடிவத்தில் ஓடும் கார்கள் இருக்கின்றன. எல்லாம் கையால் செய்தவை, வேலைப்பாடு அபாரம். விசித்திரமான கார் என்று தேடினால் இதுவும் வந்து நிற்கும், ஆனால் பழைய கார் தேடிப் போகிறவர் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகும் நாளில் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | எந்தக் கேள்விக்குப் பதில் | ஒதுக்க வேண்டிய நேரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கோவை | எப்படி ஓடியது? | அரை நாள், வளாகம் முழுக்க என்றால் ஒரு நாள் | வெளியூர்க்காரருக்கு ஒரு இரவு தங்கல் | மாணவர், மெக்கானிக், முதல்முறை போகிறவர் |
| அகமதாபாத் | யார் கட்டினார்கள்? | அரை நாளுக்கு மேல் | திரும்பும் வண்டி, சவாரிக் கட்டணம், வெயில் | அரிய கார்களையே தேடுகிறவர் |
| உதய்பூர் | யாருடையது? | ஒரு மணி நேரம் | ஊரே சுற்றுலா விலை | ஆர்வம் பலவிதமான குடும்பம் |
| தாவுரு | கார் வருவதற்கு முன்? | ஒரு நாள் | முழுநாள் டாக்ஸி | டெல்லி போகிறவர், வரலாற்று ஆர்வலர் |
| பயணா | வழியில் ஒரு பார்வை | இரண்டு மணி நேரம் | இரவு வாகனத் தடை | மைசூர் போகிற குடும்பம் |

## கிளம்புவதற்கு முன்

சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், இரவு முழுக்க ரயிலில் போய் இறங்கி, குளித்து, ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை. அன்றே திரும்ப டிக்கெட் போட்டிருந்ததால் காரைப் பார்க்காமலே ஊர் வந்து சேர்ந்தோம். அதிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் போன் போட்டுக் கேட்காமல் நான் எங்கும் போவதில்லை. கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: விளக்கிச் சொல்ல ஆள் இருப்பாரா, எந்த நேரத்தில் வந்தால் கூட்டம் குறைவு. பள்ளிக்கூடப் பேருந்து வந்து இறங்கிய நேரத்தில் போனால் எந்தக் காரையும் நின்று பார்க்க முடியாது.

தூரத்துக் கணக்கு இப்படி. சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேரே போகிறது, ஒரு பகலும் ஒரு இரவும் போதாது. அங்கிருந்து உதய்பூருக்கு அகலப்பாதை 2022-இல் திறந்துவிட்டார்கள். அகமதாபாத்தின் அசார்வா நிலையத்தில் ஏற வேண்டும், பெரிய நிலையத்தில் போய் நிற்காதீர்கள். ஆக, அவ்வளவு தூரம் போகிறவர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதுதான் நியாயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அதற்குக் காலம்.

## இருவருக்கும் நான் சொன்னது

திருப்பூர்க்காரருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோவை. ஐம்பது கிலோமீட்டர், காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஹிஸ்பானோ சுய்சா என்ற பெயரைவிட, பெல்ட்டும் செயினும் கண்ணுக்குத் தெரிவது முக்கியம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, மூன்றே மூன்று காரை வரையச் சொல்லுங்கள் என்றேன். வரையும்போதுதான் எந்தப் பாகம் எங்கே போய்ச் சேருகிறது என்ற சந்தேகமே வரும்.

மதுரைக்காரருக்கும் முதலில் கோவைதான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்பாவுக்கு ரோல்ஸ் ராய்ஸ்தானே ஆசை?" என்றார். சரிதான். ஆனால் எழுபது வயது தாண்டியவருக்கு மூட்டுவலி இருக்கிறது. மூன்று மணி நேரம் நிற்கவும் நடக்கவும் முடிகிறதா என்று பக்கத்து ஊரில் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் டிசம்பரில் அகமதாபாத். உதய்பூரா அகமதாபாத்தா என்றால் அவருக்கு அகமதாபாத்தான். நாற்பது வருடம் டிங்கரிங்கும் இன்ஜினும் பார்த்த கைக்கு, எந்த மகாராணா எதில் போனார் என்பது பெரிய விஷயமில்லை. அலுமினியத் தகட்டை அச்சில்லாமல் கையாலேயே அடித்து வளைத்து மட்கார்டு செய்தவனின் வேலையை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த நாள் அசார்வாவில் ரயில் ஏறி உதய்பூரையும் பார்த்துவிட்டு வரலாம்.

மடக்கு நாற்காலி ஒன்றை உள்ளே எடுத்துப் போக விடுவார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். சின்ன டார்ச் ஒன்றும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். சேஸிஸைக் குனிந்து பார்க்காமல் அவர் எந்தக் காரையும் விட்டு நகர மாட்டார்.